அப்பச்சட்டிக்கு இடமில்லாத உணவு விழா: ஏற்பாட்டுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

கொழும்பு 13 இல், நீங்கள் வருடத்தில் இரண்டு நாட்கள் போக்குவரத்தை மறித்து உணவு, வைன், இசை விழா நடத்துகின்ற அதே தெருவில், நான் 16 வருடங்களாக ஒரு சிறிய கடை வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி எடுப்பதும் தட்டச்சு செய்வதும் படிவம் நிரப்பிக் கொடுப்பதும் என் தொழில். இந்த வருட விழாவில் கடை போடுவதற்கான விண்ணப்பத்தை நீங்கள் வெளியிட்ட அன்று, எங்கள் தெருவையும் அதன் ஒழுங்கைகளையும் சேர்ந்த ஒன்பது பேர் அதைக் கைத்தொலைபேசியில் காட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். படிவம் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தபடியால் ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிக் காட்டினேன். கட்டணத்தைச் சொன்ன இடத்திலேயே ஐந்து பேர் எழுந்து போய்விட்டார்கள். மிஞ்சிய நால்வருக்கும் நானே நிரப்பி அனுப்பினேன். நான்கும் நிராகரிக்கப்பட்டன. விளக்கம் கேட்டு உங்களுக்கு இரண்டு முறை மின்னஞ்சல் எழுதினேன், பதில் வரவில்லை. அதனால் எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

சென்ற வருடம் ஒரு கடைக்கு நீங்கள் அறவிட்டது 7,500 ரூபா. இந்த வருடம் 75,000 ரூபா. அதற்கு மேல் 25,000 ரூபா வைப்புப் பணம். கூடாரத்தை உங்களிடமே வாடகைக்கு எடுக்க வேண்டும் என்கிறீர்கள். வியாபாரப் பதிவுச் சான்றிதழ், கண்ணாடிக் கதவு வைத்த குளிர்சாதனப் பெட்டி, சீருடை ஆகியவற்றையும் கேட்கிறீர்கள். இந்த நிபந்தனைகளை வகுத்தவர்கள் எங்கள் தெருவில் யார், எதை, எவ்வளவுக்கு விற்கிறார்கள் என்பதை ஒரு மாலையாவது நின்று பார்த்திருந்தால் இப்படி வகுத்திருக்க மாட்டார்கள் என்றே நான் நம்ப விரும்புகிறேன்.

எங்கள் ஒழுங்கை முனையில் 27 வருடங்களாக அப்பம் சுடும் அக்காவின் கணக்கை மட்டும் இங்கே வைக்கிறேன். அவரிடம் நான்கு சட்டிகள் இருக்கின்றன. ஓர் அப்பம் வேக மூன்று நிமிடம் என்று வைத்தால், ஒரு சட்டியில் மணிக்கு 20, நான்கு சட்டியிலும் 80. விழா இரண்டு நாளும் மாலை 4 மணி முதல் இரவு 10 மணி வரை, மொத்தம் 12 மணித்தியாலம். ஒரு நொடிகூட அடுப்பு சும்மா இருக்காமல், ஒன்றும் கருகாமல், ஒன்றும் மிஞ்சாமல் விற்றால் 960 அப்பம். வெறும் அப்பம் 50 ரூபா. ஆக 48,000 ரூபா. முட்டையப்பம் கூடுதலாகப் போனால் தொகை கொஞ்சம் ஏறும். ஆனால் முட்டையின் விலையும் அதிலிருந்துதான் போக வேண்டும். அரிசி, தேங்காய், எரிவாயு, உதவிக்கு வரும் பிள்ளையின் கூலி எதையும் நான் இன்னும் கழிக்கவில்லை. ஒரு மனிசி இரண்டு இரவுகள் இடைவிடாமல் உழைத்தும் உங்கள் கட்டணத்தையே எட்ட முடியாது என்றால், அந்தக் கட்டணம் அவரை உள்ளே விடுவதற்காக வைக்கப்பட்டதல்ல.

இருந்தும் அவர் விண்ணப்பித்தார். அக்கம்பக்கத்தார் சேர்ந்து கட்டணத்தைக் கட்டுவோம் என்று சொன்னதால் விண்ணப்பித்தார். படிவத்தின் ஏழாவது கேள்வி, உங்கள் வணிக நாமத்தின் கதையை 200 ஆங்கிலச் சொற்களில் எழுதுக என்றிருந்தது. நான் அதைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எனக்கு என்ன கதை இருக்கு, மகள்? அம்மா சுட்டாங்க, நான் சுடுறேன். அத எழுதுங்க" என்றார். எழுதினேன். பச்சரிசியை ஊறவைத்து இடித்து அரித்து முதல் நாள் இரவே கரைத்துப் புளிக்க வைப்பதையும், அம்மாவின் காலத்தில் தென்னை மரத்துக் கள் விட்டுப் புளித்த மா இப்போது ஈஸ்டில் புளிப்பதையும், சுடுவதற்குச் சற்று முன்னர் தேங்காயின் முதற்பாலைச் சேர்ப்பதையும், சட்டியின் இரண்டு காதையும் பழந்துணியால் பிடித்து ஒரே சுழற்றில் மாவை விளிம்பு வரை ஏற்றுவதையும் எழுதினேன். 2022 இல் எரிவாயு கிடைக்காமல் நாடே சிலிண்டரோடு வரிசையில் நின்ற மாதங்களில் அவர் மூன்று கல்லை அடுக்கி, உடைந்த பலகையை எரித்து, புகையில் கண் சிவக்கச் சிவக்க அப்பம் சுட்டு, வேலையிழந்த வீடுகளுக்குக் கடனுக்குக் கொடுத்ததையும் எழுதினேன். அதில் என் வீடும் ஒன்று.

விண்ணப்பத்துக்கு உங்களிடமிருந்து வந்த பதில் ஒரே வரி. விண்ணப்பம் விழாவின் தோற்றத்துக்கும் தரத்துக்கும் பொருந்தவில்லை.

இந்த மடலை எழுதவே வைத்த விடயத்தை இப்போது சொல்கிறேன். அந்த ஒரு வரிப் பதில் வந்த மறுவாரம் இந்த வருட விழாவின் பெரிய விளம்பரப் படத்தை எங்கள் தெருமுனையில் கட்டினீர்கள். அதில் ஓர் அப்பச்சட்டி இருக்கிறது. சட்டியின் காதைப் பிடித்தபடி ஒரு கை இருக்கிறது. அந்தக் கையின் மணிக்கட்டுக்கு மேலே, பிறைபோல வளைந்த ஒரு பழைய தீக்காய வடு இருக்கிறது. அந்த வடுவை எங்கள் தெருவில் அறியாதவர்கள் இல்லை. சென்ற வருட விழாவில் உங்கள் புகைப்படக்காரர் எடுத்த படம் அது. அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை. அவருடைய கை உங்கள் விழாவின் தோற்றத்துக்குப் பொருந்துகிறது, அவர் பொருந்தவில்லை என்றால், இந்த முடிவை எடுத்தவர் யார், எந்த அளவுகோலை வைத்து எடுத்தார் என்று கேட்கும் உரிமை எங்களுக்கு இருக்கிறது. அக்கா அந்தப் படத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலை வழக்கத்தைவிட முன்னதாகவே அடுப்பை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

தரம் என்ற சொல்லைப் பற்றியும் தெளிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் நாங்கள் சுத்தத்துக்கு எதிராகப் பேசுகிறோம் என்று யாரும் திரித்துச் சொல்லக்கூடாது. இந்த நாட்டில் 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் இருக்கிறது. அதன்படி பார்வையிடுவதற்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் இருக்கிறார்கள். எங்கள் தெருவில் விற்பவர்களைப் பரிசோதகர் வந்து பார்க்கிறார், மருத்துவச் சான்றிதழ் கேட்கிறார், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறார். அவர் சொன்னபடி மூடியும் கையுறையும் வாங்கியவர்கள்தான் எல்லோரும். அந்தச் சோதனையை விழாவுக்கு முன்னர் இன்னொரு முறை நடத்துங்கள், வரவேற்போம். ஆனால், சுட்ட நிமிடமே கைமாறுகின்ற அப்பத்துக்குக் கண்ணாடிக் கதவு வைத்த குளிர்சாதனப் பெட்டி எதற்கு என்பதை எந்தச் சுகாதார விதியையும் காட்டி உங்களால் விளக்க முடியாது.

தெருவில் விழா எடுப்பது கொழும்பு மக்களுக்கு யாரும் புதிதாகக் கற்றுத் தந்ததல்ல. செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி நோக்கி முருகனின் ஆடிவேல் தேர் போவது 19 ஆம் நூற்றாண்டிலிருந்து வரும் வழக்கம். தேர் போகும் வழி நெடுகத் தண்ணீர்ப் பந்தலும் மோரும் வைப்பவர்கள் அந்தந்த வீதியில் இருப்பவர்கள். ஜூன் 13 ஆம் திகதி கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருநாளுக்குப் போனவர்களுக்குத் தெரியும், ஆலயத்தைச் சுற்றிய வீதிகளில் மெழுகுதிரிக்கு அடுத்தாற்போல் கடலையும் தொதலும் விற்கும் சனத்தை. வெசாக் வந்தால் தன்சல் என்ற இலவச உணவுப் பந்தலில் சோறு போடுபவர்கள் யார், வரிசையில் நிற்பவர்கள் யார் என்று எவரும் சாதி சமயம் கேட்பதில்லை. இவை ஒவ்வொன்றிலும் தெரு என்பது அங்கே குடியிருப்பவர்களுடையதாகவும், வருகிறவர்கள் விருந்தாளிகளாகவும் இருந்திருக்கிறார்கள். உங்கள் விழாவும் முதலாவது வருடம் அப்படித்தான் இருந்தது. அந்த வருடம் குழு எங்கள் வீடுகளுக்கு வந்து கதவைத் தட்டிக் கேட்டது. மரவள்ளிக்கிழங்கு அவித்துச் சம்பலோடு விற்றவர், வட்டிலப்பம் கொண்டுவந்த முஸ்லிம் வீட்டுப் பெண்கள், லவ் கேக்கைச் சிறு பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்த பறங்கியர் வீட்டுப் பாட்டி, கொத்து ரொட்டிக்காரர், இறால் வடைக்காரர் என்று வரிசையாக எங்கள் ஆட்களே நின்றார்கள். பெருந்தொற்றும் பொருளாதார நெருக்கடியும் வந்து, விழா நின்று, மீண்டும் தொடங்கியபோது வரிசையின் பாதி பெரிய விடுதிகளுக்குப் போயிற்று. இந்த வருடம் வரிசை முழுவதுமே போய்விட்டது.

வைன் பற்றியும் சொல்ல வேண்டும். குடிக்கிறவர்களைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. வயது வந்தவர்கள் தங்கள் பணத்தில் ஒரு கிண்ணம் வைன் குடிப்பது அவரவர் விடயம். ஆனால் "உள்ளூர் உணவும் வைனும்" என்று நீங்கள் அச்சிட்டிருக்கும் சொல் எங்களை உறுத்துகிறது. சென்ற வருடம் உங்கள் வைன் கூடாரத்தில் இருந்த போத்தல்கள் யாவும் கப்பலில் வந்தவை. இந்த நாட்டுக்கென்று ஒரு பானம் இருக்கிறது. களுத்துறைக் கரையோரம் மரத்துக்கு மரம் கட்டிய கயிற்றில் நடந்து இறக்குகிற தென்னங்கள். வடக்கில் பனையிலிருந்து இறக்குகிற கள். அப்பமாவைப் புளிக்க வைத்ததும் அதுதான், சாராயமாக வடிக்கப்படுவதும் அதுதான். உரிய அனுமதிப்பத்திரம் உள்ள ஒருவரை அழைத்து அதை வைக்க முடியாதா என்று சென்ற வருடம் எங்கள் தெருவைச் சேர்ந்த ஒருவர் கேட்டதற்கு, அது விழாவுக்கு வருகிறவர்களின் இரசனைக்கு ஒத்துவராது என்று சொல்லி அனுப்பிவிட்டீர்கள். அப்படியானால் உள்ளூர் என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் அந்தக் கூடாரம் நின்ற இடம். சென்ற வருடம் அதை எங்கள் ஒழுங்கையின் வாயிலிலேயே, மாலையில் பிள்ளைகள் கூட்டமாக வந்து போகும் டியூசன் வகுப்புக்கு நேர் எதிரே அமைத்தீர்கள். 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கப் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபைச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மதுபானம் விற்பதைத் தடை செய்கிறது. மதுபானத்தை விளம்பரப்படுத்துவதையும் தடை செய்கிறது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் வகுப்பு முடிந்து வெளியே வந்தால் முகத்துக்கு நேரே தெரிவது மதுவின் பெயர் பொறித்த பதாகை என்றால், சட்டத்தின் எழுத்தைப் பற்றி வழக்கறிஞர்கள் பேசிக்கொள்ளட்டும், அதன் நோக்கம் அங்கே மதிக்கப்படவில்லை என்பது எந்தப் பெற்றோருக்கும் விளங்கும்.

கூடாரத்தைச் சுற்றி இரும்புத் தடுப்பு போட்டீர்கள். தடுப்பைத் தாண்ட, கையில் கட்டும் காகிதப் பட்டி வேண்டும். பட்டிக்குப் பணம். எங்கள் ஒழுங்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்குப் போக அந்த வழியைத் தவிர வேறு வழி கிடையாது. சனிக்கிழமை இரவு ஏழரை மணியளவில், என் கடைக்கு அடுத்த வீட்டு ஐயா டயலிசிஸ் முடிந்து முச்சக்கர வண்டியில் வந்து சேர்ந்தார். வண்டி உள்ளே போகக்கூடாது என்று தடுப்பில் நின்ற இளைஞர் சொன்னார். அவரும் பாவம், சொன்னதைச் செய்கிற பிள்ளை. அவருக்குத் தமிழ் தெரியவில்லை, ஐயாவின் மனைவிக்குப் பதற்றத்தில் சிங்களம் வரவில்லை. நான் ஓடிப்போய்ப் பேசினேன். இருபது நிமிடத்துக்குப் பிறகும் வண்டியை விடவில்லை. கடைசியில் என் கடையிலிருந்த பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுவந்து, ஐயாவை அதில் இருத்தி, நானும் மூன்று பொடியன்களும் ஆளுக்கொரு கதிரைக் காலைப் பிடித்து, வைன் கிண்ணத்தோடு நின்ற கூட்டத்துக்கு நடுவால் தூக்கிக்கொண்டு போனோம். ஒலிபெருக்கிச் சத்தத்தில் வழிவிடுங்கள் என்று நாங்கள் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. ஐயா கூச்சத்தில் முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டார். தன் வீட்டு வாசலுக்கு அப்படிப் போகவேண்டி வந்ததை அவர் இன்றுவரை மறக்கவில்லை; நானும் மறக்கவில்லை.

குப்பை பற்றி நீட்டி எழுதவில்லை. திங்கட்கிழமை காலை தெருவைக் கூட்டியது நாங்கள் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

இசைக்கு வருகிறேன். எங்கள் பகுதியில் நாதஸ்வரமும் தவிலும் வாசிக்கும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. பைலா பாடக்கூடியவர்கள் ஒழுங்கைக்கு இருவராவது உண்டு. சென்ற வருடம் தவில்காரர்களுக்கு நீங்கள் ஒதுக்கியது மாலை 4 மணிக்குப் பதினைந்து நிமிடம். வெயில் இறங்காத அந்த நேரத்தில் தெருவில் நின்றவர்கள் மின்குமிழ் கட்டிக்கொண்டிருந்த ஆட்கள் மட்டும்தான். சட்டை மாற்றி, வேட்டி மடிப்புக் கலையாமல் வந்து நின்ற அந்த ஐந்து பேரும், தவிலின் வாரை இழுத்துச் சரிபார்த்துக்கொண்டே எதிரே இருந்த வெறும் கதிரைகளைப் பார்த்தார்கள். ஆனாலும் குறைவைக்காமல் வாசித்தார்கள். ஆட்கள் நிறைந்த பிறகு இரவு முழுக்க ஒலித்தது கணினியில் கோத்த பாட்டு. இந்த வருட நிகழ்ச்சி நிரலில் அந்தப் பதினைந்து நிமிடமும் இல்லை. மேடை அறிவிப்புகளிலும் பதாகைகளிலும் தமிழும் இல்லை. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தத்தால் அரசியலமைப்பே அரச கரும மொழியாக ஏற்றுக்கொண்ட மொழி, அதைப் பேசுகிறவர்கள் நெருங்கி வாழ்கிற தெருவில் நடக்கும் விழாவின் பதாகையில் ஒரு வரிக்குக்கூட இடம்பெறவில்லை. நீங்கள் அரச திணைக்களம் அல்ல, சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தாது என்று சொல்லலாம். பொது வீதியை மூடுவதற்குப் பொது அதிகாரிகளிடம் அனுமதி கேட்டு வருகிறவர்களிடம், அந்த வீதியின் மொழிகளில் பேசுங்கள் என்று கேட்பது நியாயமானது என்றே நான் கருதுகிறேன். சிங்களமும் மேடையில் பெயருக்குத்தான் இருந்தது என்பதை எங்கள் சிங்கள அயலவர்களும் மனவருத்தத்தோடு சொல்கிறார்கள்.

விழாவே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. முதலாவது வருடம் அந்த இரண்டு இரவுகளில் எங்கள் தெருவுக்குக் கிடைத்த வருமானத்தால் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். வெளியிலிருந்து வந்தவர்கள் எங்கள் வாசற்படிகளில் உட்கார்ந்து சாப்பிட்டதையும், மறு வாரம் குடும்பத்தோடு திரும்பி வந்ததையும் கண்டிருக்கிறேன். அந்த விழாதான் எங்களுக்கு வேண்டும்.

ஆகவே குழுவினரிடம் நாங்கள் கேட்பது இவை. நிராகரித்த நான்கு விண்ணப்பங்களையும் திரும்ப எடுத்து, எங்கள் ஆட்களில் ஒருவரையும் உடன் வைத்துக்கொண்டு பரிசீலியுங்கள். கடைகளில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை இந்தத் தெருவிலும் அதன் ஒழுங்கைகளிலும் குடியிருந்து விற்பவர்களுக்கென ஒதுக்கி, அவர்களுக்குச் சென்ற வருடக் கட்டணத்தையே வையுங்கள். வைப்புப் பணத்தையும் குளிர்சாதனப் பெட்டியையும் வியாபாரப் பதிவுச் சான்றிதழையும் அவர்களிடம் கேட்காமல், பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஒப்புதலை மட்டும் கேளுங்கள். படிவத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடுங்கள். தமிழாக்கத்தை நானே கூலியில்லாமல் செய்து தருகிறேன், தட்டச்சும் என்னுடையது. மதுக் கூடாரத்தை ஒழுங்கை வாயிலிலிருந்தும் டியூசன் வகுப்பின் முன்னாலிருந்தும் அகற்றித் தெருவின் மறுகோடிக்குக் கொண்டுபோங்கள். குடியிருப்பவர் எவரிடமும் பட்டியோ பணமோ கேட்கக்கூடாது. நோயாளியோடு வரும் வண்டி எந்த நேரத்திலும் நிற்காமல் உள்ளே போகத் தனிவழி விட வேண்டும். அந்த வழியில் தமிழும் சிங்களமும் பேசத் தெரிந்த ஒருவரை நிறுத்த வேண்டும். இரண்டு இரவிலும் ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் ஒரு மணித்தியாலத்தை எங்கள் தெருக் கலைஞர்களுக்கு, மற்றவர்களுக்குக் கொடுக்கிற அதே சம்பளத்தோடு கொடுங்கள்.

தெருமுனையில் கட்டியிருக்கும் விளம்பரப் படம் தொடர்பாக, குழுவின் தலைவர் நேரில் வந்து அந்த அக்காவிடம் பேச வேண்டும். படத்தைப் பயன்படுத்த அவர் சம்மதித்தால் அதற்குரிய தொகையைக் கொடுங்கள். சம்மதிக்கவில்லையென்றால் அன்றைக்கே கழற்றுங்கள். அவர் மாலை ஐந்து மணிக்கு அடுப்பு மூட்டுவார். அதற்குப் பிறகு அவருக்குப் பேச நேரமிருக்காது. நான்கு மணிக்கு வாருங்கள்.

விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முன்னர் எங்களோடு ஒரு கூட்டம் வைக்க வேண்டும் என்று இந்தத் தெருவின் 64 வீட்டார் கையெழுத்திட்ட கடிதம் என் கடையில் இருக்கிறது. அதன் பிரதியை உங்கள் அலுவலகத்துக்கும், வீதியை மூட அனுமதி வழங்கும் அதிகாரிகளுக்கும் வருகிற திங்கட்கிழமை நாங்களே நேரில் கொண்டுவந்து தருவோம். கையொப்பமிட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் விழா நடக்கும் தெருவில் போட்டோக்கொப்பிக் கடை நடத்துபவள்,
கொழும்பு 13